கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முதலில் என்ன செய்யும்?

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய்க் காற்றைப் பற்றிக் கீழப்பாவூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாட்களில், இங்கே மொட்டைமாடியில் காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. அரபிக்கடல் பக்கமிருந்து வரும் காற்று அந்த இடுக்கில் நெருக்கிப் புகுந்து வேகம் பிடிக்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

அந்தக் காற்றில் கிளை முறிந்து கம்பிமேல் விழும், கரண்ட் போகும். திரும்ப வந்ததும் வீட்டு ஃபேன் சுற்றத் தொடங்கிவிடும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை; சுவிட்ச் போட்டபடியே இருந்தது, அவ்வளவுதான். காற்றாலை விஷயம் அப்படியில்லை. கரண்ட் லைன் செத்துவிட்டால் அது நின்றாக வேண்டும். தயாரிக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது சுற்றினால் ஆபத்து. லைன் திரும்பியதும் சட்டென்று சுற்றிவிடவும் கூடாது. லைன் சீராக இருக்கிறதா என்று சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். காற்றின் வேகம் நொடிக்கு 3, 4 மீட்டருக்கு மேல் இருக்கிறதா, 25 மீட்டரைத் தாண்டாமல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். தலையைக் காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும். அப்புறம்தான் பிரேக்கை விட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் செய்ய யாரும் அந்தக் கோபுரத்தில் ஏறப் போவதில்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் செய்கிறது. அது எப்போது அணைந்து எழுந்தாலும், அதன் நிரல் தானாகவே ஓடத் தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தத் 'தானாகவே'யைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஆசை கிடையாது. எழுந்ததும் அது செய்கிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முன்னமே எழுதி வைத்திருக்கிறார். அதிலும் பெரும்பகுதி, நீங்கள் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்து ஃபைல்களில் இருக்கிறது. படிக்க முடிந்தால் எழுதவும் முடியும்.

சுவிட்சைப் போட்ட கணத்தில் பிராசஸருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பெயர் தெரியாது, ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிறவியிலேயே ஒரே ஒரு முகவரி மட்டும் அதற்குள் பதிந்திருக்கிறது: 'முதல் கட்டளை அங்கே இருக்கும், போய் எடு.' 1978-ல் வந்த இன்டெல் 8086 சிப்பில் அந்த முகவரி 1 எம்பி எல்லைக்கு 16 பைட் முன்னால் இருந்தது. பின்னால் வந்த 32 பிட் சிப்களில் அது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் போனது. எல்லை எங்கோ நகர்ந்துவிட்டது, அந்த 16 மட்டும் மாறவில்லை. 16 பைட்டில் பெரிதாக என்ன எழுதிவிட முடியும்? 'இங்கே இடமில்லை, இன்ன இடத்துக்குப் போ' என்று எழுதலாம். எழுதியிருப்பதும் அதுதான்.

போகிற இடம் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சிப். கரண்ட் போனாலும் மறக்காத நினைவகம் அது. அதிலுள்ள நிரல் நினைவகத்தையும் கீபோர்டையும் திரையையும் தட்டிப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் தேடும். பழைய முறைக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 85, 170 என்ற இரண்டு எண்கள் இருந்தால் 'சரி, இது நம்ம ஆள்தான்' என்று அதை ஓடவிடும். அது இன்னும் பெரிய நிரலை இழுத்து வரும். இப்படிச் சின்னது பெரியதை எழுப்ப, அது அதைவிடப் பெரியதை எழுப்ப, கடைசியில் இயங்குதளம் வந்து உட்காரும்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை ஒரு காலத்தில் மனிதர்களே கையால் போட வேண்டியிருந்தது. 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், அவ்வளவே. ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்தச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி முதல் கட்டளைகளை உள்ளே ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்த ஆல்டேருக்காகத்தான் பேசிக் மொழியை ஓட்டும் நிரலை எழுதினார்கள். அதை ஆல்டேர் செய்தவர்களிடம் காட்டுவதற்கு ஆலன் விமானம் ஏறினார். அல்புகர்க்கி நகரை நெருங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது: பேசிக் காகித நாடாவில் இருக்கிறது, அந்த நாடாவைப் படிக்கச் சொல்லும் குட்டி நிரலை யாருமே எழுதவில்லை! விமானத்திலேயே ஒரு தாளை எடுத்து அதை எழுதினார். மறுநாள் சுவிட்சுகளைத் தட்டி ஏற்றினார். நாடா ஓடியது. 2+2 என்ன என்று கேட்டார்கள். 4 என்று வந்தது. அந்தத் தாளில் எழுதிய சில வரிகள் இல்லையென்றால் மற்ற அத்தனை வேலையும் வெறும் ஓட்டை போட்ட காகிதம்தான்.

நம்ம வீடுகளுக்கு வருவோம். 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் வீட்டு அக்காவோ அண்ணனோ வாங்கியிருக்கலாம். பீரோ மேலே பையோடு இருக்கிறதா பாருங்கள். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. லேப்டாப்பைப் போட்டதும் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியல் சில நொடி நிற்கும். நீங்கள் ஒன்றும் அமுக்காவிட்டால் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களில் பட்டியலைக் காட்டுவது பெரும்பாலும் க்ரப் என்ற நிரல். எத்தனை நொடி நிற்க வேண்டும், எதைத் தேர வேண்டும் என்பதெல்லாம் ஓர் எழுத்து ஃபைலில் வரிவரியாக எழுதியிருக்கிறது. லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பட்டியலைத் தினமும் பார்த்தார்கள். அதைத் திறந்து படித்துப் பார்க்கலாம் என்று அவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொன்னார்கள் என்பதுதான் என் வருத்தம்.

லினக்ஸின் கரு எழுந்ததும் ஒரே ஒரு நிரலைத்தான் தானாக எழுப்பும். அதற்கு எண் 1. மற்றவை எல்லாம் அந்த ஒன்றாம் எண்ணின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1971-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் முதல் பதிப்பைக் கொடுத்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. ஒன்றாம் எண் நிரல் எழுந்ததும் 'ஆர்சி' என்றொரு ஃபைலைத் திறந்து, மேலிருந்து கீழாக அதிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகச் செய்யும். நாம் டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் கையால் தட்டுகிற அதே கட்டளைகள்தான். இப்படிக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைலுக்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர். 1981-ல் வந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரின் டாஸ் இயங்குதளத்திலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. 'ஆட்டோஎக்செக்.பேட்' என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்தால், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதிலுள்ளது நடக்கும். உங்கள் அப்பாவின் வயதுக்காரர்கள் சிலர் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் மலர்வார்கள்.

மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலில் விடிகாலை என்ன நடக்கும்? நடை திறக்காமல் விளக்கேற்ற முடியாது. தண்ணீர் வராமல் அபிஷேகம் இல்லை. ஆனால் பூக்கட்டுகிறவர், மடப்பள்ளியில் அடுப்பு மூட்டுகிறவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை; இரண்டும் சேர்ந்தே நடக்கும். பழைய ஆர்சி முறை, மடப்பள்ளி வேலை முடிந்த பிறகுதான் பூவைத் தொடுவேன் என்றது. அதனால் கம்ப்யூட்டர் எழுவதற்கு வெகுநேரம் ஆகும். 2010-ல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற புதிய ஒன்றாம் எண்ணை எழுதினார்கள். அதில் 'முதலில் இது, அடுத்து அது' என்று வரிசை போடுவதில்லை. 'எனக்கு முன்னால் இன்னது முடிந்திருக்க வேண்டும்' என்று ஒவ்வொரு வேலையும் தனக்குத் தேவையானதை மட்டும் சொல்லும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே நேரத்தில் ஓடும். இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது இதுதான். டெர்மினலில் 'பிஎஸ் -பி 1' என்று தட்டிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ஒன்றாம் எண் யாரென்று பெயரோடு வரும். (கட்டளைகளை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.)

இப்போது நாமே ஒன்று செய்வோம். காற்றுக்காலத்தில் நம்ம தெருவில் கரண்ட் எப்போதெல்லாம் போய் வருகிறது என்று கம்ப்யூட்டரே ஒரு நாட்குறிப்பு எழுதட்டும். இதற்கு பேட்டரி இல்லாத, மேசைமேல் நிற்கும் கம்ப்யூட்டர்தான் வேண்டும். லேப்டாப்பும் யுபிஎஸ்ஸும் கரண்ட் போனதையே காட்டிக்கொள்ளாது. வேலை பார்க்கிற கம்ப்யூட்டரை இப்படிப் பொட்டென்று அணையவிடுவது டிஸ்க்குக்கு நல்லதில்லை. பழசாகி மூலையில் கிடப்பது ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில் 'கரண்ட் திரும்பினால் என்ன செய்ய?' என்று கேட்கும் ஒரு வரி பெரும்பாலானவற்றில் உண்டு. 'எழுந்திரு' என்று வைக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் போகும்போது மட்டும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் என்றால், ஒரு வெற்று எழுத்து ஃபைலைத் திறந்து இரண்டே வரி எழுதுங்கள். முதல் வரி # குறியும் ! குறியும், அவற்றை ஒட்டி '/பின்/பாஷ்'. இந்த ஃபைலைப் பாஷ் என்ற நிரல் படிக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது வரியில் 'டேட்' என்ற கட்டளை, பிறகு >> என்று இரண்டு அம்புக்குறி, பிறகு நாட்குறிப்பு ஃபைலின் முழு முகவரி. டேட் இன்றைய தேதியையும் நேரத்தையும் சொல்லும். இரட்டை அம்பு அதைத் திரைக்கு அனுப்பாமல் ஃபைலின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும். ஒற்றை அம்பு போட்டுவிடாதீர்கள். பழையது அத்தனையும் அழிந்து கடைசி வரி மட்டும்தான் மிஞ்சும். நாட்குறிப்பு ஃபைலுக்கு ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும் என்றில்லை. 'நாட்குறிப்பு' என்று தமிழிலேயே வைக்கலாம், லினக்ஸ் முணுமுணுக்காது.

அடுத்து அந்த ஸ்கிரிப்டுக்கு ஓடும் உரிமை கொடுக்க வேண்டும். 'சிஎச்மோட் +எக்ஸ்' என்று தட்டி, பக்கத்தில் ஸ்கிரிப்டின் பெயர். இப்போது 'க்ரான்டேப் -இ' என்று தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: @ குறி, அதை ஒட்டி 'ரீபூட்', ஓர் இடைவெளி, ஸ்கிரிப்டின் முழு முகவரி. முடிந்தது. இனி கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் க்ரான் என்ற நிரல் அந்த வரியைப் படித்து உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும். க்ரான் 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருக்கிறது.

விண்டோஸ் என்றால் நோட்பேடில் எழுதி, பெயரின் முடிவில் '.பேட்' என்று வைத்துச் சேமிக்க வேண்டும். அதில் 'டேட் /டி', 'டைம் /டி' என்று இரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் அதே இரட்டை அம்பும் முகவரியும். பிறகு விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' எழுத்தை அமுக்கி 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என்று தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ஃபைலைப் போட்டால் போதும். ஒரு வித்தியாசம் உண்டு: இது கம்ப்யூட்டர் எழுந்ததும் ஓடாது, நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் ஓடும். கரண்ட் வந்த நேரம் ஒன்று, நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம் வேறு. நம்ம வேலைக்கு லினக்ஸ்தான் தோது.

இதைச் செய்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணாச்சி, கையால ஓட்டினா ஓடுது, தானா ஓட மாட்டேங்குதே, ஏன்?" பெரிய பெரிய இன்ஜினியர்களும் இதே கேள்வியோடு தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள்தான். நீங்கள் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் முழுதாக விழித்திருக்கிறது. நீங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கிறீர்கள், கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும், திரை எது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். விடிகாலையில் க்ரான் ஓட்டும்போது இதில் பாதி கிடையாது. கட்டளைகளை ஒன்றிரண்டு ஃபோல்டர்களில் மட்டுமே தேடும். 'நாட்குறிப்பு' என்று வெறும் பெயர் சொன்னால் எந்த ஃபோல்டரில் என்று அது தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். அதனால்தான் முழு முகவரி, முழு முகவரி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வைஃபை இன்னும் வந்திருக்காது என்பது அடுத்த சங்கடம். எழுந்தவுடன் குற்றாலத்து மழை நிலவரத்தை இணையத்தில் பார்த்து எழுது என்று ஸ்கிரிப்ட் எழுதினால், அது கேட்கும் நேரத்தில் இணையமே இருக்காது. 'ஸ்லீப் 30' என்று ஒரு வரி சேர்த்து 30 நொடி தூங்கச் சொல்லலாம். முரட்டு வைத்தியம்தான், பல நாள் பலிக்கும். 31-வது நொடியில் வைஃபை வருகிற அன்றைக்குப் பலிக்காது. 'நெட்வொர்க் வந்த பிறகு என்னை எழுப்பு' என்று சிஸ்டம்டியிடம் சொல்வதே முறை.

2012-ல் வந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில் இதைச் செய்தால் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். முதல் நான்கு தலைமுறை ராஸ்பெரி பைகளில் அப்படி ஒரு கடிகாரமே கிடையாது. எழுந்ததும், கடைசியாகக் குறித்து வைத்த பழைய நேரத்தையே 'இப்போது' என்று நம்பும். இணையம் வந்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டால், கரண்ட் வந்த நேரம் என்று அது எழுதுவது பழைய பஞ்சாங்கம்.

யாரும் கைநீட்டித் தொட முடியாத இடத்தில் இந்தத் தானாக எழும் வேலை உயிரையே காக்கும். 1997 ஜூலை 4-ல் நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று தன்னைத்தானே அணைத்து எழத் தொடங்கியது. முக்கியமான வேலை ஒன்று, முக்கியமில்லாத வேலை ஒன்றின் கையில் இருந்த பொருளுக்காகக் காத்துக் கிடந்தது. வேலை நின்றுவிட்டதா என்று கண்காணிக்கும் காவல் கடிகாரம் பொறுமையிழந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் தொடக்க நிரல் தானே ஓடியது, பூமியோடு பேச்சு மறுபடி கிடைத்தது. கலிஃபோர்னியாவில் அதே மாதிரிக் கம்ப்யூட்டரில் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தத்தை வானொலி அலையில் அனுப்பினார்கள்.

நல்ல வேலைக்குத் திறக்கிற கதவு கெட்ட வேலைக்கும் திறக்கும். முன்னே சொன்ன முதல் 512 பைட் நினைவிருக்கிறதா? 1986-ல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃப்ளாப்பியின் அந்த இடத்தில்தான் குடியேறியது. பிறகு பென்டிரைவ் வந்தது. செருகியவுடன் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் கொடுத்தது, 2008-ல் பரவிய கான்ஃபிக்கர் என்ற கெட்ட நிரல் அதையும் பயன்படுத்திக்கொண்டது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் பென்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தும் அப்டேட்டை அனுப்பியது. அந்த வசதியைக் கொடுத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பள்ளிக்கூட லேபிலும் கடையிலும் உள்ள கம்ப்யூட்டரின் தொடக்கப் பட்டியலில் கேட்காமல் கை வைக்காதீர்கள். விளையாட்டுக்கு 'எழுந்ததும் அணைந்து எழு' என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த மிஷின் எழும், அணையும், எழும், அணையும். அதை நிறுத்த வேறொரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, உள்ளே புகுந்து அந்த வரியை அழிக்க வேண்டும்.

நம்ம நாட்குறிப்பில் ஒரு குறை இருப்பதைக் கூர்மையான பிள்ளைகள் இதற்குள் பிடித்திருப்பார்கள். கரண்ட் வந்த நேரம் இருக்கிறது, போன நேரம் எங்கே? செத்துப்போகும் கம்ப்யூட்டர் 'நான் போகிறேன்' என்று எழுத முடியாதே. அதற்கு ஒரு தந்திரம். க்ரான்டேப்பில் இன்னொரு வரி சேருங்கள். ரீபூட் என்பதற்குப் பதில் ஐந்து நட்சத்திரக் குறிகள், இடையிடையே இடைவெளி விட்டு. 'ஒவ்வொரு நிமிடமும்' என்று அதற்கு அர்த்தம். நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஃபைலில் 'இருக்கிறேன்' என்ற சொல்லையும் நேரத்தையும் ஒட்டட்டும். ரீபூட்டுக்கு ஓடுகிற ஸ்கிரிப்ட் 'எழுந்தேன்' என்று சேர்த்து எழுதட்டும். ஒவ்வொரு 'எழுந்தேன்' வரிக்கும் மேலே இருக்கும் கடைசி 'இருக்கிறேன்' வரிதான் கரண்ட் போன நேரம், ஒரு நிமிடம் முன்பின்னாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில், கம்ப்யூட்டர் எழுவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துவிடுங்கள்; மிஞ்சுவது கரண்ட் இல்லாமல் இருந்த நேரம். 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று தட்டினால் எழுவதற்கு எத்தனை நொடி ஆனது என்று வரும். பக்கத்தில் 'பிளேம்' என்று சேர்த்தால், எந்த வேலை எவ்வளவு தாமதித்தது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.